மசோதா அறிமுகமான பிறகு எங்கே செல்ல வேண்டும்? நாடாளுமன்ற ஆய்வு வழிகள் குறித்த ஓர் ஒப்பீடு

இந்திய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா அறிமுகமாகும்போது அதன் உள்ளடக்கம் செய்தியாகிறது. நிறைவேறும்போது ஆதரவாகவும் எதிராகவும் விழுந்த வாக்குகள் செய்தியாகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் எடுக்கப்படும் ஒரு முடிவு பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. அந்த மசோதாவை அவையே நேரடியாக விவாதித்து முடித்துவிடுவதா, துறைசார் நிலைக்குழுவுக்கு அனுப்புவதா, ஓர் அவையின் தேர்வுக் குழுவிடம் ஒப்படைப்பதா, இரு அவைகளின் கூட்டுக் குழுவிடம் தருவதா, மக்களின் கருத்தறியச் சுற்றுக்கு விடுவதா என்பதே அந்த முடிவு. ஒரு சட்டம் எத்தகைய வடிவில் வெளிவரும் என்பதை, அவையில் நிகழ்த்தப்படும் உரைகளைக் காட்டிலும் இந்த முடிவே அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சங்கமோ வணிகர் சங்கமோ மருத்துவர் அமைப்போ, ஒரு மசோதாவால் பாதிக்கப்படவிருக்கும் எவராயினும், தங்கள் தொகுதி உறுப்பினரிடம் எந்த வழியைக் கோருவது என்று முடிவு செய்வதற்கு உதவும் என்பதால் இவ்வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 79ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம். மக்களவைக்கு 543 பேரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களில் 39 பேர் தமிழ்நாட்டிலிருந்து செல்கின்றனர். மாநிலங்களவையின் 245 இடங்களில் 233 இடங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர், 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். தமிழ்நாட்டின் பங்கு 18. ஒரு சாதாரண மசோதா ஒவ்வோர் அவையிலும் அறிமுகம், பிரிவு வாரியான பரிசீலனை, நிறைவேற்றம் என்ற மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். இரு அவைகளும் உடன்படாவிட்டால் 108ஆவது பிரிவின்படி கூட்டு அமர்வு கூட்டலாம் என்றாலும், 1961இல் வரதட்சணைத் தடை மசோதா, 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை நீக்கும் மசோதா, 2002இல் பொடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா என மூன்று முறை மட்டுமே அந்த ஏற்பாடு பயன்பட்டிருக்கிறது. வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டுமே கொண்ட பண மசோதா என மக்களவைத் தலைவர் சான்றளித்த ஒன்றை மாநிலங்களவை 14 நாள்களுக்குள் பரிந்துரைகளுடன் திருப்பி அனுப்பலாமே தவிர, தடுக்க இயலாது.

நம் கேள்வி எழுவது முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையில். மக்களவை நடைமுறை விதிகளின்படி, மசோதாவைக் கொண்டுவந்தவர் அதை உடனே பரிசீலிக்கவோ, தேர்வுக் குழுவுக்கு அனுப்பவோ, மாநிலங்களவையின் இசைவுடன் கூட்டுக் குழுவுக்கு அனுப்பவோ, பொதுக்கருத்தை அறியச் சுற்றுக்கு விடவோ தீர்மானம் முன்மொழியலாம். துறைசார் நிலைக்குழுவுக்குச் செல்லும் வாசல் வேறு: அதற்கு அவையின் தீர்மானம் வேண்டியதில்லை, மக்களவைத் தலைவரோ மாநிலங்களவைத் தலைவரோ அனுப்பி வைக்கலாம். ஆனால் எதையும் கட்டாயம் அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பின்னர் நாம் காணப்போகும் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இந்த ஒரு குறைதான்.

நேரடியாக நிறைவேற்றும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு நியாயமான இடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனாவின்போது மருத்துவப் பணியாளர்கள் தாக்கப்பட்டதை அடுத்து அவசரச் சட்டத்தின் மூலம் தொற்றுநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. அவசரச் சட்டம் எதுவாயினும், நாடாளுமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரங்களுக்குள் ஒப்புதல் பெறாவிட்டால் காலாவதியாகிவிடும் என்பதால், அதற்கு மாற்றான மசோதாவை விரைந்து முடித்தது சரியே. நிதியாண்டு முடிவதற்குள் நிறைவேற வேண்டிய நிதி ஒதுக்க மசோதாக்களும் இவ்வகையில் சேரும். இத்தகைய அவசரம் எதுவும் இல்லாத மசோதாக்களும் இதே விரைவில் செல்கின்றன என்பதுதான் கவலைக்குரியது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கிய 103ஆவது அரசமைப்புத் திருத்தம் 2019 ஜனவரி 8ஆம் நாள் மக்களவையில் அறிமுகமாகி, அன்றே அங்கு நிறைவேறி, மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று மாநிலங்களவையில் கனிமொழி கொண்டுவந்த தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. இடஒதுக்கீட்டின் அளவுகோலையே மாற்றும் ஒரு திருத்தத்துக்கு இரண்டு நாள்கள் போதும் என்பதை, அதை ஆதரித்தவர்களாலும் மனமார நியாயப்படுத்த இயலாது என்றே கருதுகிறேன்.

மூன்று வேளாண் சட்டங்களின் கதை இன்னும் தெளிவானது. 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தவை, செப்டம்பரில் மசோதாக்களாகி, எந்தக் குழுவின் முன்பும் செல்லாமல் நிறைவேறின. அவற்றுள் முதன்மையான இரண்டும் செப்டம்பர் 20ஆம் நாள் மாநிலங்களவையில் பெரும் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டன. வாக்குகளை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. குழுவின் முன் சொல்ல முடியாததை விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்து சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சட்டங்களை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அவற்றை நீக்கும் மசோதாவும் இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. விரைவாக இயற்றியதால் மிச்சமானது என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. இது டெல்லிக்கோ ஒரு கட்சிக்கோ மட்டும் உரிய பழக்கமும் அன்று. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை 12 மணி நேர வேலைக்கு இடமளித்த தொழிற்சாலைகள் திருத்த மசோதாவைக் கூட்டணிக் கட்சிகளின் எதிர்ப்பையும் மீறி நிறைவேற்றியது. சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைத்து, மே நாளில் திரும்பப் பெறுவதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. தொழிற்சங்கங்களை முன்கூட்டியே அழைத்துக் கேட்கும் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த மசோதா அந்த வடிவில் வாக்கெடுப்புக்கே வந்திருக்காது.

இனி நிலைக்குழு. 1993இல் 17 குழுக்களுடன் தொடங்கிய இந்த ஏற்பாடு 2004இல் 24 குழுக்களாக விரிந்தது. ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள் இருப்பர். அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. மசோதா வந்ததும் அமைச்சகச் செயலர்களை அழைத்து விளக்கம் கேட்பது, செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து மனுக்களைப் பெறுவது, வல்லுநர்களையும் பாதிக்கப்படுவோரையும் நேரில் அழைத்துக் கேட்பது, பின்பு பிரிவு பிரிவாக ஆராய்ந்து அறிக்கை தருவது என்பது அதன் பணி முறை. கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதைப் பலர் குறையாகச் சொல்கின்றனர். எனக்கு அது பெரிதும் நன்மையாகவே படுகிறது. 1985இல் அரசமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, அவையில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியையே பறிக்க வழிசெய்கிறது. குழு அறையில் அந்த அச்சம் இல்லை. தொலைக்காட்சிக் கேமராவும் கொறடாவும் இல்லாத இடத்தில்தான் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் அரசின் மசோதாவில் ஓட்டை இருப்பதாகச் சொல்லத் துணிகிறார்.

நிலைக்குழுவின் மற்றொரு வலிமை பழக்கம். ஒரு துறையின் மானியக் கோரிக்கைகளை, அதாவது அது கேட்கும் நிதி ஒதுக்கீட்டை, ஆண்டுதோறும் ஆராயும் குழு அத்துறையின் அலுவலர்களையும் பழைய வாக்குறுதிகளையும் அறிந்திருக்கும். புதிய மசோதா ஒன்று வரும்போது, முந்தைய சட்டம் ஏன் செயல்படவில்லை என்று கேட்கும் நினைவு அதற்கு இருக்கும். ஆனால் குழுக்கள் ஆண்டுதோறும் மாற்றியமைக்கப்படுவதால் இந்த நினைவு அடிக்கடி அறுபடுகிறது. மாற்றியமைக்கும் காலத்தில் வாரக்கணக்கில் பணியும் தேங்குகிறது. குழுவின் பதவிக் காலத்தை நீட்டினாலே இக்குறை பெருமளவு தீரும்.

இதைவிட ஆழமான பலவீனம் வேறொன்று. நிலைக்குழு மசோதாவின் வாசகத்தில் கைவைக்க முடியாது. பரிந்துரைக்க மட்டுமே முடியும். அமைச்சர் ஏற்றால் அரசுத் திருத்தமாகக் கொண்டுவருவார், இல்லையேல் அறிக்கை நூலகத்தில் தங்கிவிடும். 2023 ஆகஸ்ட் 11ஆம் நாள் அறிமுகமான மூன்று குற்றவியல் மசோதாக்கள் உள்துறை நிலைக்குழுவுக்குச் சென்றன. நவம்பரில் அறிக்கை வந்தது. ப. சிதம்பரம், என்.ஆர். இளங்கோ உள்ளிட்ட உறுப்பினர்கள் மாற்றுக் கருத்துக் குறிப்புகளை இணைத்தனர். அரசு பழைய மசோதாக்களைத் திரும்பப் பெற்று டிசம்பர் 12இல் புதியவற்றை அறிமுகப்படுத்தியது. சமூக சேவை என்ற புதிய தண்டனைக்கு விளக்கம் தரப்பட்டது போன்ற சில பரிந்துரைகள் அவற்றில் இடம்பெற்றன, வேறு சில விடுபட்டன. புதிய மசோதாக்களோ குழுவுக்குச் செல்லாமல், இரு அவைகளிலும் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்த வாரத்தில், டிசம்பர் 20, 21 ஆகிய இரண்டு நாள்களில் நிறைவேறின. எந்தப் பரிந்துரை ஏன் ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று பிரிவு வாரியாக எழுத்தில் பதில் சொல்லும் கடமை அரசுக்கு இருந்திருந்தால் அந்த மூன்று மாத உழைப்பின் பயன் பன்மடங்காகியிருக்கும்.

ஆனாலும் நிலைக்குழு வேண்டாம் என்ற முடிவுக்கு இது இட்டுச்செல்லாது. பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 14ஆவது மக்களவைக் காலத்தில் 60 விழுக்காடும், 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடும் மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 16ஆவது மக்களவைக் காலத்தில் அது ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கி, 17ஆவது மக்களவைக் காலத்தில் 16 விழுக்காடாக இறங்கியது. விதி எதுவும் மாறவில்லை. மாறியது வழக்கம் மட்டுமே. வழக்கத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒரு பாதுகாப்பு, பெரும்பான்மை வலுவாக இருக்கும் காலத்தில், அதாவது அது மிகவும் தேவைப்படும் காலத்தில், தேய்ந்துபோகிறது.

தேர்வுக் குழு இதிலிருந்து மாறுபட்டது. ஒரே ஒரு மசோதாவுக்காக ஓர் அவை தன் உறுப்பினர்களைக் கொண்டு அமைப்பது. பணி முடிந்ததும் கலைந்துவிடுவது. முக்கியமான வேறுபாடு அதிகாரத்தில் இருக்கிறது. தேர்வுக் குழு மசோதாவின் பிரிவுகளையே திருத்தலாம். குழு திருத்திய வடிவத்தில்தான் மசோதா மீண்டும் அவைக்கு வரும். அந்த வடிவத்தையே அவை பரிசீலிக்கும். நிலைக்குழுவில் பரிந்துரையை ஏற்கச் செய்யும் சுமை உறுப்பினர்களின் தோளில் இருக்கிறது. தேர்வுக் குழுவிலோ, குழு செய்த திருத்தத்தை மாற்ற விரும்பினால் அந்தச் சுமை அரசின் மீது விழுகிறது.

இதன் பயனை வாடகைத் தாய் ஒழுங்குமுறை மசோதாவில் காணலாம். 2019 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில், நெருங்கிய உறவினர் மட்டுமே வாடகைத் தாயாக இருக்கலாம் என்றும், ஐந்தாண்டுகள் கருத்தரிக்க இயலாமற்போனால்தான் ஒரு தம்பதி இவ்வழியை நாடலாம் என்றும் இருந்தது. நவம்பரில் மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரியில் வந்த அறிக்கை, உறவினர் என்ற நிபந்தனையை நீக்கி விருப்பமுள்ள பெண் எவரும் முன்வரலாம் என்றது. ஐந்தாண்டுக் காத்திருப்பை அகற்றியது. கணவனை இழந்த, மணமுறிவு பெற்ற பெண்களுக்கும் இடமளித்தது. வாடகைத் தாய்க்கான காப்பீட்டை 16 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக உயர்த்தியது. 2021 டிசம்பரில் சட்டமானபோது இவை பெரும்பாலும் நிலைத்தன. நெருங்கிய உறவினர் என்ற நிபந்தனை குடும்பத்துக்குள் இளம்பெண்கள் மீது வற்புறுத்தலாக மாறும் என்ற அச்சத்துக்கு ஏற்ப மசோதா மக்களவையின் விவாதத்தில் மாறவில்லை, குழுவில் மாறியது.

ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பை உருவாக்கிய லோக்பால் மசோதாவோ மாநில உரிமை குறித்த எடுத்துக்காட்டு. 2011 டிசம்பர் 29 நள்ளிரவில் மாநிலங்களவை வாக்கெடுப்பின்றிக் கலைந்த பிறகு, 2012 மே மாதத்தில் அது தேர்வுக் குழுவிடம் சென்றது. மாநில அளவில் அதே பணியைச் செய்யும் லோக் ஆயுக்தா எப்படி அமைய வேண்டும் என்பதை மத்தியச் சட்டமே வகுப்பதற்கு மாநிலக் கட்சிகள் பலவும் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. ஓராண்டுக்குள் மாநிலங்களே தங்கள் சட்டத்தை இயற்றிக்கொள்ள வேண்டும் என்ற வடிவத்தைத் தேர்வுக் குழு முன்வைத்தது. 2013 டிசம்பரில் இரு அவைகளும் அதை ஏற்றன. தமிழ்நாடு தன் சட்டத்தை 2018இல்தான் இயற்றியது என்பது வருத்தத்துக்குரிய வேறு கதை. ஆயினும் மாநிலங்களின் குரலைச் சட்டத்தின் வாசகத்துக்குள் கொண்டுசேர்த்தது மாநிலங்களவையின் தேர்வுக் குழுதான். ஆளுங்கட்சிக்கு அந்த அவையில் தனிப் பெரும்பான்மை இல்லாதிருந்ததால்தான் இது நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேர்வுக் குழு அமைய அவையின் பெரும்பான்மை வேண்டும். பெரும்பான்மை விரும்பாதபோது இவ்வழி மூடியே கிடக்கும்.

கூட்டுக் குழுவுக்கும் வாசகத்தைத் திருத்தும் அதே அதிகாரம் உண்டு. இரு அவைகளும் ஒரே நேரத்தில் ஆராய்ந்துவிடுவதால், ஓர் அவையில் முடிந்தபின் மற்றோர் அவையில் மீண்டும் குழு என்ற இரட்டை வேலை மிச்சமாகிறது. இதன் சிறந்த எடுத்துக்காட்டு திவால் சட்டத் தொகுப்பு. 2015 டிசம்பர் 21இல் அறிமுகமானது. 2016 ஏப்ரல் இறுதியில் கூட்டுக் குழுவின் அறிக்கை வந்தது. மே மாதத்தில் சட்டமாயிற்று. நிறுவனம் கலைக்கப்படும்போது தொழிலாளர்களுக்கு முன்னுரிமையுடன் கிடைக்க வேண்டிய நிலுவை, மசோதாவில் 12 மாதங்களுக்கு உரியதாக இருந்ததைக் குழு 24 மாதங்களாக்கியது. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், பணிக்கொடை ஆகிய நிதிகளைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கக் கூடாது என்றும் தெளிவாக்கியது. நான்கு மாதங்களில் ஒரு குழு எத்தனை தொழிலாளர் குடும்பங்களைத் தொடக்கூடும் என்பதை அந்த இரு வரிகள் காட்டுகின்றன.

ஆனால் அதே வகைக் குழுக்கள் மிக வேறான முடிவுகளையும் தந்திருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா 2019 டிசம்பரில் கூட்டுக் குழுவுக்குச் சென்றது. பலமுறை கால நீட்டிப்புப் பெற்று, இரண்டு ஆண்டுகள் கழித்து 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2022 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றது. அதற்குப் பதிலாக 2023 ஆகஸ்ட் 3இல் அறிமுகமான புதிய மசோதா எந்தக் குழுவுக்கும் போகாமல் 9ஆம் நாளுக்குள் இரு அவைகளையும் கடந்தது. வக்ஃபு திருத்த மசோதாவுக்கு 2024 ஆகஸ்டில் அமைந்த 31 பேர் கொண்ட கூட்டுக் குழுவில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் முன்வைத்த திருத்தங்கள் அனைத்தும் வாக்கெடுப்பில் தள்ளப்பட்டு, ஆளுங்கூட்டணியின் திருத்தங்கள் மட்டும் ஏற்கப்பட்டன. அவர்களுடைய மாற்றுக் கருத்துக் குறிப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டதும், எதிர்ப்புக்குப் பின் அவை மீண்டும் சேர்க்கப்பட்டதும் அப்போது பெரும் சர்ச்சையாயின. அவையின் பலத்துக்கு ஏற்பவே குழுவின் இடங்களும் பங்கிடப்படுவதால், கட்சிகள் முன்பே நிலைப்பாட்டை இறுதி செய்துவிட்ட ஒரு பொருளில் கூட்டுக் குழு அவையின் சிறு பதிப்பாகவே நடந்துகொள்ளும். திவால் சட்டத்தில் எந்தக் கட்சிக்கும் முன்முடிவு இல்லை. அதனால்தான் அங்கே ஆய்வு நடந்தது. கூட்டுக் குழுவைக் கோருமுன் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்த மசோதாவில் அரசு இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும் நிலையில் இருக்கிறதா?

பொதுக்கருத்தை அறியச் சுற்றுக்கு விடும் பழைய வழி இன்று ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. அதன் இடத்தை, அறிமுகத்துக்கு முந்தைய கலந்தாய்வு ஓரளவு நிரப்புகிறது. வரைவு மசோதாக்களைக் குறைந்தது 30 நாள்கள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே ஒரு கொள்கையை வகுத்தது. அது சட்டமன்று, பின்பற்றாவிட்டால் கேட்பாரில்லை. பின்பற்றும் இடத்திலும் வந்த கருத்துகள் வெளியிடப்படாமல் போவதுண்டு. 2022இல் தரவுப் பாதுகாப்பு வரைவுக்கு அனுப்பப்பட்ட கருத்துகள் அவ்வாறே மறைந்தன. மொழி இன்னொரு தடை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. கடலோரத்தில் வாழும் ஒரு மீனவர் தன் தொழிலைப் பாதிக்கும் வரைவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படித்துத்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்றால், அது அவரிடம் கருத்துக் கேட்டதாகாது. எனவே முன்கலந்தாய்வு தேவையானது, ஆனால் குழு ஆய்வுக்கு ஈடாகாது. ஏனெனில் இங்கே கேட்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே அமைச்சகம்.

குழுக்களுக்கு எதிரான வலுவான வாதம் தாமதம். அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் திருத்தம் 1996இல் முதலில் அறிமுகமாகி, கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக் குழுவிடம் சென்று, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அறிக்கையும் வந்தது. பின்னர் 2008இல் அறிமுகமான வடிவம் நிலைக்குழு ஆய்வுக்குப் பின் 2010 மார்ச் 9இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் எடுக்கப்படாமலே 2014இல் காலாவதியாயிற்று. இறுதியில் 2023 செப்டம்பரில் மூன்றே நாள்களில் அது நிறைவேறியது. இதைக் காட்டி, குழுக்களுக்கு அனுப்புவது கிடப்பில் போடுவதே என்பார்கள். நிகழ்வுகளின் வரிசையைக் கவனித்தால், குழுக்கள் எடுத்துக்கொண்டது மாதங்களே. ஆண்டுகளைத் தின்றது அரசியல் விருப்பமின்மை. மேலும், 2019இல் திருநர் உரிமை மசோதாவில் நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். அமைச்சரல்லாத உறுப்பினராகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஓர் அவை நிறைவேற்றிய தனிநபர் மசோதா அது. அதன்பின் அரசு 2016இல் கொண்டுவந்த மசோதாவை நிலைக்குழு ஆராய்ந்து 2017இல் விரிவான அறிக்கை தந்தது. மக்களவை கலைந்ததால் அது காலாவதியாகி, 2019இல் மீண்டும் வந்தபோது, தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் முயற்சி மாநிலங்களவையில் தோற்றது. மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதாவும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிற்கும் மசோதாவும் மக்களவை கலையும்போது மறைந்துவிடும் என்ற விதியை, ஆய்வைக் கோருவோர் நாள்காட்டியோடு சேர்த்து எண்ண வேண்டும். தேர்தலுக்கு ஓராண்டே இருக்கும்போது ஒரு நல்ல மசோதாவுக்குக் கூட்டுக் குழு கேட்பது அதைப் புதைப்பதாகவும் முடியலாம்.

வேறு நாடுகள் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. சுவீடனில் அரசோ உறுப்பினரோ கொண்டுவரும் எந்த முன்மொழிவும் குழுவால் தயாரிக்கப்பட்ட பின்னரே நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. பெரும்பான்மையின் மனநிலைக்கு அங்கே இடமில்லை. இலங்கையில் ஒரு மசோதா நிறைவேறும் முன்பே எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். நிறைவேறிய பின்போ சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க இயலாது. இந்தியாவில் இதற்கு நேர்மாறாக, சட்டமான பிறகுதான் நீதிமன்றம். அந்தக் காத்திருப்பின் விலை சிறிதன்று: 2017 நிதிச் சட்டத்தின் வழியாக, பண மசோதாவின் வடிவில், குழு ஆய்வின்றி நுழைந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல்தான் செல்லாது என்றது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பத்திரங்கள் விற்கப்பட்டுக்கொண்டே இருந்தன.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் என் தேர்வு இதுதான். நிதி ஒதுக்க மசோதாக்களும், உண்மையான அவசரத்தில் பிறந்த மசோதாக்களும் நீங்கலாக, எல்லா மசோதாக்களும் துறைசார் நிலைக்குழுவுக்குச் செல்வதை அவை விதியே கட்டாயமாக்க வேண்டும். மூன்று மாத வரம்பும், பரிசீலனைக்கு முன் அமைச்சர் பிரிவு வாரியாக எழுத்தில் பதில் தரும் கடமையும் அதனுடன் சேர வேண்டும். அவசரம் என்று விலக்குக் கோரும் அமைச்சர் அதற்கான காரணத்தை அவையில் வைத்துத் தனி வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற வேண்டும். மசோதாவின் நோக்கத்தில் உடன்பாடும் வாசகத்தில் முரண்பாடும் உள்ளபோது தேர்வுக் குழுவைக் கோருவதே மேல். மக்களவையில் அவசரமாக நிறைவேறி வந்த மசோதாவைத் தடுத்து நிறுத்திப் பார்க்க மாநிலங்களவையின் கையில் உள்ள ஒரே பயனுள்ள கருவியும் அதுவே. 2025 பிப்ரவரியில் அறிமுகமான வருமான வரி மசோதா மக்களவையின் தேர்வுக் குழுவுக்குச் சென்று, ஜூலையில் அறிக்கை வந்து, ஆகஸ்டில் புதுப்பித்த வடிவில் நிறைவேறியது. நூற்றுக்கணக்கான பிரிவுகள் கொண்ட ஒரு வரிச் சட்டத்துக்கே ஆறு மாதம் போதுமானதாக இருந்தது என்றால், நேரமில்லை என்ற காரணம் மற்ற மசோதாக்களுக்குப் பொருந்தாது. பல அமைச்சகங்களைத் தொடும், கட்சிகள் இன்னும் அணி பிரியாத புதிய பொருள்களுக்கு மட்டும் கூட்டுக் குழுவைக் கேட்கலாம்.

விதி மாறும்வரை காத்திருக்க முடியாத சங்கங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மசோதா அறிமுகமான நாளிலிருந்தே உறுப்பினரை அணுகுங்கள். குழுவின் விளம்பரம் வந்த பின் மனு அனுப்பப் பெரும்பாலும் இரண்டு வாரங்களைப் போன்ற குறுகிய அவகாசமே கிடைக்கும். பொதுவான கண்டனம் குழுவுக்குப் பயன்படாது. அங்கே ஆய்வு பிரிவு பிரிவாகவே நடக்கும். எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொற்கள், அவற்றுக்குப் பதிலாக எந்தச் சொற்கள், அந்த மாற்றம் யாருக்கு எவ்வளவு தேவை என்ற வரிசையில் எழுதி, நேரில் விளக்க வாய்ப்பும் கேளுங்கள். நிலைக்குழுவாயின் உங்கள் கருத்து அறிக்கையில் பதிவாகி, பின்னாளில் திருத்தம் கோரும்போது சான்றாக நிற்கும். தேர்வுக் குழுவோ கூட்டுக் குழுவோ ஆயின், நீங்கள் எழுதிய மாற்று வாசகம் மசோதாவின் வாசகமாகவே மாறவும் கூடும்.